வர்த்தக உடன்படிக்கைகளில் தொழிலாளர், சுற்றாடல் பாதுகாப்பு: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து பயன்படுத்துவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையில் தைத்த டீ-சேர்ட் ஒன்று சாதாரண வழியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போனால் 12 சதவீத சுங்கவரி. வளரும் நாடுகளுக்கு ஐரோப்பா தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையில் போனால் வரி இல்லை. அந்த 12 சதவீதத்தை விட்டுக்கொடுக்க ஐரோப்பா வைத்திருக்கும் நிபந்தனைதான் 27 சர்வதேசச் சமவாயங்கள். மனித உரிமை பற்றியவை 7, தொழிலாளர் உரிமை பற்றியவை 8, சுற்றாடலும் காலநிலையும் பற்றியவை 8, போதைப்பொருள் தடுப்பு, ஊழல் ஒழிப்பு பற்றியவை 4. வாக்குறுதி கொடுத்தது கொழும்பு. அது காப்பாற்றப்படுகிறதா என்பது தெரிவது மட்டக்களப்பில் ஒரு தையல் லைனிலும், வாழைச்சேனைத் துறைமுகத்திலும், திருக்கோவில் கடற்கரையிலும்.

ஆடைத் தொழிற்சாலையில் சங்கம் தொடங்க நினைப்பவர்கள், மீனவர் சங்கச் செயலாளர்கள், ஊரில் நடக்கும் மண் அகழ்வையோ கழிவையோ பற்றி யாரிடம் போவது என்று தேடுபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வர்த்தக உடன்படிக்கையை எடுத்துக்கொண்டு போய் ஒரு தொழிலாளி வழக்குப் போட முடியாது. அது அரசாங்கங்களுக்கு இடையிலான பேரம். நம்மால் முடிந்தது, அந்தப் பேரம் நடக்கும் மேசைக்கு நம் ஊரின் ஆதாரம் போய்ச்சேரும்படி செய்வது. ஆதாரம் இங்கே முறையாகப் பதிவாகாவிட்டால், சர்வதேச தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) இருக்கும் ஜெனீவாவிலோ ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரசெல்ஸிலோ எந்தக் கதவைத் தட்டினாலும் பயன் குறைவு. அதனால் கீழே சொல்லும் ஒழுங்கில் போவது நல்லது. நடுவில் இருந்து தொடங்கியவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்து முதலாம் படியில் நிற்கிறார்கள்.

படி 1: பொருள் எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள்

எந்த உடன்படிக்கை உங்களுக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது பொருள் போய்ச்சேரும் நாடு. தொழிற்சாலையில் இதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. லேபலில் பிராண்டின் பெயரும் அளவு முறையும் இருக்கும். பெட்டியில் பையரின் (வாங்கும் நிறுவனத்தின்) பெயரும் போகும் துறைமுகமும் ஒட்டியிருக்கும். பக்கிங் பகுதியில் வேலை செய்யும் ஒருவர் சொல்வதே போதும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போனால் ஜி.எஸ்.பி. பிளஸ். பிரித்தானியாவுக்குப் போனால் 2023 ஜூன் முதல் அவர்களுடைய தனித் திட்டம். இதில் இலங்கைக்கு மேம்பட்ட சலுகை கிடைக்கிறது. ஆனால் அதைப் பெறுவதற்கு 27 சமவாயங்களையும் ஏற்றிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை லண்டன் எடுத்துவிட்டது. பாரதூரமான மீறல் நடந்தால் சலுகையை நிறுத்தும் அதிகாரத்தை மட்டும் வைத்திருக்கிறது. என் பார்வையில் இது தொழிலாளியின் கையைக் கொஞ்சம் பலவீனப்படுத்திய மாற்றம்.

அமெரிக்காவுக்குப் போகும் ஆடைக்கு இப்படி எந்த வர்த்தகச் சலுகையும் இல்லை. அமெரிக்காவின் சொந்த ஜி.எஸ்.பி. திட்டம் 2020 டிசம்பர் 31 உடன் காலாவதியானது. அங்கே மிச்சமிருப்பது, கட்டாய உழைப்பால் செய்த பொருளின் இறக்குமதியைத் தடுக்கும் 1930 ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப் பிரிவு 307. அதன் கீழ் அமெரிக்கச் சுங்கத்துறைக்கு யாரும் முறையிடலாம். ஆனால் விஷயம் கட்டாய உழைப்பாக இருக்க வேண்டும், மேலதிக நேர வேலைக்கான (ஓ.டி.) காசு குறைவு என்பது அதற்குள் அடங்காது.

இந்தியாவுக்குப் போனால் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கை. அதில் தொழிலாளர் அத்தியாயமே கிடையாது. அந்தப் பாதையில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

அடுத்து வரியைப் பாருங்கள். பலர் தவறவிடும் இடம் இது. வரி இருந்தால்தான் வரிச்சலுகைக்குப் பெறுமதி. ஆடைக்கு 12 சதவீதம் இருப்பதால் தொழிற்சாலை முதலாளி ஜி.எஸ்.பி. பிளஸ் என்றதும் நிமிர்ந்து உட்காருவார். திருக்கோவிலிலும் வாகரையிலும் அகழ்வதை மக்கள் எதிர்த்துவரும் இல்மனைட் என்ற தைட்டேனியம் தாதுவை உதாரணமாகப் பாருங்கள். தைட்டேனியம் தாதுக்கு ஐரோப்பா எந்த நாட்டிடமும் வரி வாங்குவதில்லை. ஆகவே சலுகை பறிபோகும் என்று அந்தத் துறையைப் பயமுறுத்த வழியில்லை. அங்கே வேறு கருவிகள் வேண்டும். அதைக் கீழே சுற்றாடல் பகுதியில் பார்ப்போம்.

இன்னொரு நுணுக்கம்: சலுகை தானாகக் கிடைப்பதில்லை. பொருள் இலங்கையில் உருவானது என்று காட்ட வேண்டும். வெளிநாட்டுத் துணியை இறக்கி இங்கே வெட்டித் தைத்தால் மட்டும் பல ஆடைகள் ஐரோப்பிய விதியில் தேறாது. ஏறாவூர் புன்னைக்குடாவில் துணி உற்பத்தி வலயம் என்ற பேச்சு வந்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. அதனால் உங்கள் தொழிற்சாலை உண்மையிலேயே சலுகையைப் பயன்படுத்துகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: வாசகத்தைப் படியுங்கள்

எல்லா உடன்படிக்கைகளிலும் அழகான வசனங்கள் இருக்கும். பார்க்க வேண்டியது வினைச்சொல்லை. ‘முயற்சி செய்யும்’ என்றால் வாக்குறுதி. ‘செய்ய வேண்டும்’ என்றால் கடப்பாடு. அதற்குப் பிறகு, மீறினால் என்ன என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள்: பேச்சுவார்த்தை மட்டுமா, நடுவர் குழு உண்டா, வரி திரும்ப வருமா?

இதில் மிக ஆபத்தான சொற்றொடர் ‘வர்த்தகத்தைப் பாதிக்கும் விதத்தில்’ என்பது. குவாத்தமாலாத் தொழிற்சங்கங்களும் அமெரிக்கச் சங்கங்களின் கூட்டமைப்பும் மத்திய அமெரிக்க நாடுகளோடு அமெரிக்கா செய்த வர்த்தக உடன்படிக்கையின் கீழ் 2008 இல் ஒரு முறைப்பாடு கொடுத்தன. குவாத்தமாலா தன் தொழிலாளர் சட்டத்தையே அமுல்படுத்துவதில்லை என்பது குற்றச்சாட்டு. அமெரிக்க அரசு அதை நடுவர் குழுவரை கொண்டுபோனது. 2017 இல் தீர்ப்பு. சட்டம் அமுலாகாத சம்பவங்கள் இருந்ததைக் குழு ஏற்றுக்கொண்டது. ஆனால் அது வர்த்தகத்தைப் பாதிக்கும் விதத்தில் நடந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி அமெரிக்காவைத் தோற்கடித்தது. ஒன்பது வருடம் போய், கடைசியில் அந்தச் சொற்றொடரில் கால் தடுக்கி விழுந்தார்கள்.

இதற்கு நேர் எதிரானது தென்கொரிய வழக்கு. தொழிற்சங்கச் சட்டம் குறுகலாக இருக்கிறது, அடிப்படைச் சமவாயங்களை ஏற்கவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் கொரியாவுடனான தன் வர்த்தக உடன்படிக்கையின் கீழ் அதைக் கேள்வி கேட்டது. வர்த்தகப் பாதிப்பை நிரூபியுங்கள் என்று கொரியா வாதிட்டது. 2021 ஜனவரியில் வந்த நிபுணர் குழு அறிக்கை அந்த வாதத்தை ஏற்கவில்லை. அந்த உடன்படிக்கையின் வாசகம் அப்படிக் கேட்கவில்லை. அந்த வருடம் ஏப்ரலில் கொரியா மூன்று சமவாயங்களை ஏற்றது. தண்டனை வரி எதுவும் விதிக்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இன்றைக்கு ஆகக் கூர்மையான ஏற்பாடு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க-மெக்சிக்கோ-கனடா உடன்படிக்கையில் இருக்கிறது. அதில் நாட்டை விட்டுவிட்டுத் தனியொரு தொழிற்சாலை மீதே முறைப்பாடு கொடுக்கலாம். மெக்சிக்கோவின் சிலாவ் நகர் ஜெனரல் மோட்டர்ஸ் ஆலை பற்றி 2021 மே மாதம் கேள்வி எழுந்தது. ஓகஸ்டில் தொழிலாளர்கள் பழைய கூட்டு ஒப்பந்தத்தை வாக்களித்து நிராகரித்தார்கள். 2022 பெப்ரவரியில் சுயாதீனச் சங்கம் ஒன்றைத் தெரிவு செய்தார்கள். நமக்கு அப்படி ஒரு கதவு இல்லை. இலங்கை இனிமேல் எந்த உடன்படிக்கை பேசினாலும் நம் சங்கங்கள் கேட்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

ஜி.எஸ்.பி. பிளஸ் பற்றி: அது இரு தரப்பும் கையொப்பமிட்ட உடன்படிக்கையே அல்ல. ஐரோப்பா தன் சட்டத்தின் மூலம் தரும் சலுகை; தானே நிறுத்தவும் செய்யலாம். 2010 ஓகஸ்ட் 15 இல் இலங்கைக்கு நிறுத்தியது. காரணம் குடியியல் அரசியல் உரிமைகள், சித்திரவதை, சிறுவர் உரிமை பற்றிய மூன்று சமவாயங்கள். 2017 மே 19 இல்தான் திரும்பக் கிடைத்தது. தையல் மெசினில் இருந்த பிள்ளைக்கு அந்த மூன்றோடும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் ஓடர் குறைந்தால் முதலில் வீட்டுக்குப் போவது அவள்தான். அதனால் ‘சலுகையை நிறுத்து’ என்று கேட்பதற்கும் ‘சலுகையை வைத்து அழுத்து’ என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். இரண்டாவதைக் கேட்பதே நமக்கு நல்லது.

படி 3: சமவாயத்தை நம் சட்டத்தோடு பொருத்துங்கள்

‘எங்களை நன்றாக நடத்துவதில்லை’ என்ற முறைப்பாடு எங்கும் போகாது. எந்தச் சமவாயம், அதற்கு நம் நாட்டில் எந்தச் சட்டம் என்று இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

தொழிலாளர் உரிமை பற்றிய எட்டு, சர்வதேச தொழிலாளர் அமைப்பின் சமவாயங்கள்: கட்டாய உழைப்பு (29, 105), சங்கம் சேரும் உரிமையும் கூட்டுப் பேரமும் (87, 98), சம ஊதியமும் பாகுபாடின்மையும் (100, 111), சிறுவர் உழைப்பு (138, 182). இலங்கை எட்டையும் ஏற்றிருக்கிறது. 87 ஐ 1995 இலும் 98 ஐ 1972 இலும் ஏற்றது. 2022 இல் பாதுகாப்பும் சுகாதாரமும் அடிப்படை உரிமைகளோடு சேர்க்கப்பட்டன. ஆனால் மேலே சொன்ன 27 இன் கணக்கில் அவை இல்லை.

சங்கம் விஷயத்தில் நம் சட்டம் இப்படி: 1935 இன் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1999 இல் வந்த திருத்தப்படி, வேலைத்தளத்தில் 40 சதவீதம் பேர் அங்கத்தவராக இருந்தால் முதலாளி அந்தச் சங்கத்தோடு பேசியாக வேண்டும். சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நிறுத்துவது குற்றம். ஆனால் அந்தக் குற்றத்துக்கு நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரத் தொழில் திணைக்களத்தால் மட்டுமே முடியும். சங்கம் நேரடியாகப் போக முடியாது. ஐ.எல்.ஓ. நிபுணர் குழு இதை விடாமல் சுட்டிக்காட்டி வருகிறது. உங்கள் முறைப்பாடு இந்த ஓட்டைக்குள் விழுந்தால், அது மேலே போக மிகப் பொருத்தமானது.

முதலீட்டுச் சபையின் கீழ் இருக்கும் தொழிற்சாலைகளில் ‘ஊழியர் சபை’ என்று ஒன்று இருக்கும். அது சங்கம் அல்ல. சபையில் பேசி முடித்துவிட்டோம் என்று மேலதிகாரி சொன்னால் அது 98 ஆம் சமவாயத்தின் கூட்டுப் பேரம் ஆகாது.

படி 4: பதிவு வையுங்கள்

பெரிய ஆவணங்கள் வேண்டாம். சம்பளச் சீட்டும் ஒரு சின்னக் கொப்பியும் போதும்.

சீட்டில் அடிப்படைச் சம்பளம், வருகைக் கொடுப்பனவு, உற்பத்தி ஊக்குவிப்பு, ஓ.டி., இ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கழிவு என்று வரிவரியாக இருக்கும். முதலில் இ.பி.எப். வரியைப் பாருங்கள். கணக்கிடும் சம்பளம் 30,000 ரூபா என்று வைப்போம். உங்களிடம் 8 சதவீதம், அதாவது 2,400 ரூபா கழிப்பார்கள். முதலாளி தன் பங்கிற்கு 12 சதவீதம், 3,600 ரூபா போட வேண்டும். இ.டி.எப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 சதவீதம், 900 ரூபா. அது முழுவதும் முதலாளியின் பொறுப்பு. மாதம் 6,000 ரூபா உங்கள் இ.பி.எப். கணக்கில் ஏறியிருக்க வேண்டும். சீட்டில் 2,400 கழித்திருக்கிறது, கணக்குக் கூற்றில் அந்த மாதமே இல்லை என்றால், வேறெதுவும் இல்லாமலே உங்கள் கையில் வலுவான ஆதாரம் இருக்கிறது.

பிறகு ஓ.டி. வேலை முடிந்த நேரத்தை அன்றன்றே கொப்பியில் எழுதுங்கள். தொழிற்சாலைச் சட்டத்துக்கு 2002 இல் வந்த திருத்தப்படி பெண்களுக்கு மாதம் 60 மணித்தியாலத்துக்கு மேல் ஓ.டி. கொடுக்க முடியாது. சீட்டில் 58 மணித்தியாலம், கொப்பியில் 81 என்றால் கேள்வி இரண்டு: அந்த 23 மணித்தியாலத்துக்குக் காசு எங்கே, மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இரண்டாவதன் பதிலில் மிரட்டல் இருந்தால் விஷயம் கட்டாய உழைப்பின் பக்கம் நகர்கிறது. மிரட்டிய சொற்களை அப்படியே, திகதியோடு எழுதிவையுங்கள். சாட்சியின் பெயரும் வேண்டும்.

ஒருவரின் கொப்பியை விட ஒரே லைனில் ஐந்து பேரின் கொப்பி பெறுமதி. தனியாளாக ஒரு தங்கச்சியை முன்னால் விட்டு மற்றவர்கள் பின்னால் நிற்பது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. கொப்பி தொழிற்சாலை லொக்கருக்குள் இருக்கக் கூடாது.

படி 5: உள்ளூர்க் கதவுகளை முதலில் தட்டுங்கள்

தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், தமிழிலேயே. பெற்றுக்கொண்ட முத்திரையோடு ஒரு பிரதியை வாங்காமல் வர வேண்டாம். ‘சரி, வைச்சிட்டுப் போங்க, பார்க்கிறோம்’ என்ற பதில் பதிவு ஆகாது.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். என் முறைப்பாட்டின் மீது என்ன நடவடிக்கை, இந்தத் தொழிற்சாலையைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள் என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். பதில் வந்தாலும் ஆதாரம், வராவிட்டாலும் ஆதாரம். விண்ணப்பத்தை அரசியல் கடிதம் போல நீட்டி எழுதாமல், இரண்டு மூன்று கேள்வி இலக்கமிட்டுக் கேட்பதே பலன் தரும்.

பாகுபாடு, மொழி, பாலியல் தொந்தரவு போன்றவற்றில் அரச அலுவலகம் கைவிரித்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தை நாடலாம்.

படி 6: ஜெனீவாவுக்கு

ஐ.எல்.ஓ.வுக்குத் தனியாள் எழுதினால் எடுக்க மாட்டார்கள். சங்கம் எழுத வேண்டும். இரண்டு வழிகள் நமக்குப் பயன்படும். ஒன்று, இலங்கை அரசு அனுப்பும் அறிக்கைகள் மீது சங்கங்கள் நிபுணர் குழுவுக்கு அவதானிப்பு அனுப்பலாம். கடைசித் திகதி ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் 1. மற்றது, 1951 இலிருந்து இயங்கும் சங்கச் சுதந்திரக் குழுவுக்கு முறைப்பாடு: எழுத்தில், கையொப்பத்தோடு, ஆதாரத்தோடு.

சின்னச் சங்கமாக இருந்தால் கொழும்பில் உள்ள தேசியச் சங்கத்தோடு இணைந்து அனுப்புங்கள். ஜெனீவாவின் கருத்து ஏன் முக்கியம் என்றால், ஐரோப்பிய ஆணைக்குழு ஜி.எஸ்.பி. பிளஸ் கண்காணிப்பில் முதலில் பார்ப்பது இந்த மேற்பார்வைக் குழுக்களின் அறிக்கைகளைத்தான். நிபுணர் குழுவின் ஒரு பந்தியில் உங்கள் தொழிற்சாலையின் பிரச்சினை ஏறினால், அது பிரசெல்ஸின் மேசையிலும் ஏறிவிட்டது.

படி 7: பிரசெல்ஸுக்கும் பிராண்டுக்கும்

ஐரோப்பியக் கண்காணிப்புக் குழுக்கள் இடையிடையே இலங்கைக்கு வரும்போது அரசை மட்டும் சந்திப்பதில்லை. தொழிற்சங்கங்களையும் சிவில் அமைப்புகளையும் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்புக்குக் கிழக்கிலிருந்து ஆள் போக வேண்டுமென்றால் கொழும்பிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத் தூதுக்குழுவுக்கு முன்கூட்டியே எழுதி அறிமுகமாகியிருக்க வேண்டும். இரண்டு பக்கக் குறிப்பு போதும்: மீறல், சமவாய இலக்கம், உள்ளூரில் எடுத்த நடவடிக்கை, கேட்கும் தீர்வு.

நேரடி முறைப்பாட்டுக்கு 2020 நவம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழு ஒற்றை நுழைவாயில் ஒன்றை இணையத்தில் திறந்தது. அதில் முறையிட ஐரோப்பாவில் இருக்கும் சங்கமோ அமைப்போ வேண்டும். அவர்கள் உங்கள் சார்பில் கொடுக்கலாம். அதனால் பையரின் நாட்டிலுள்ள ஆடைத் தொழிற்சங்கத்தோடு தொடர்பு வைப்பது நடைமுறைத் தேவை. இன்னொரு கதவு 2027 டிசம்பர் 14 இல் திறக்கிறது. கட்டாய உழைப்பால் செய்த பொருளை ஐரோப்பியச் சந்தையில் தடுக்கும் ஒழுங்குவிதி அன்றிலிருந்து நடைமுறை; அதில் யாரும் தகவல் கொடுக்கலாம். இப்போதுள்ள ஜி.எஸ்.பி. ஒழுங்குவிதியும் 2027 முடிவுவரைதான் நீடிக்கப்பட்டிருக்கிறது.

பிராண்டின் சொந்த நாட்டில், பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.ஈ.சி.டி.யின் தேசியத் தொடர்பு மையம் இருந்தால் அங்கும் முறையிடலாம். கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லை, சமரசம்தான். ஆனால் பெயர் கெடுவதை விரும்பாத பிராண்டுக்கு அதுவே சில நேரம் போதும்.

மீன்பிடிக்குத் தனி விதி

ஐரோப்பா 2010 இலிருந்து சட்டவிரோத மீன்பிடிக்கு எதிரான ஒழுங்குவிதியை வைத்திருக்கிறது. இலங்கைக்கு 2012 நவம்பரில் எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை, 2014 ஒக்டோபரில் சிவப்பு அட்டை, 2015 ஜனவரியில் தடை. ஆழ்கடல் படகுகளில் கண்காணிப்புக் கருவி இல்லாதது, தண்டனை போதாதது, இந்தியப் பெருங்கடல் சூரை ஆணைக்குழுவின் விதிகளைக் கடைப்பிடிக்காதது ஆகியவை காரணங்கள். 2016 ஜூனில் தடை நீங்கியது. வாழைச்சேனையிலிருந்து பலநாள் படகில் போகிறவர்களுக்கு இன்று படகு நிற்கும் இடத்தைக் காட்டும் வி.எம்.எஸ். கருவியும் பிடிப்பைப் பதியும் லொக் புத்தகமும் வாழ்க்கையின் பகுதி ஆனது அதற்குப் பிறகுதான்.

லொக் புத்தகத்தைக் கரைக்கு வந்து ஞாபகத்தில் நிரப்புவது பழக்கமாக இருந்தால் நிறுத்துங்கள். வலை இறக்கிய இடமும் வி.எம்.எஸ். காட்டிய இடமும் ஒத்துப்போகாவிட்டால், மீன் சட்டப்படி பிடிபட்டது என்று காட்டும் பிடிப்புச் சான்றிதழில் சிக்கல், சான்றிதழில் சிக்கல் என்றால் சூரை ஐரோப்பாவுக்குப் போகாது, விலை உள்ளூர்ச் சந்தை விலைதான்.

இந்த ஒழுங்குவிதி மீன் எப்படிப் பிடிபட்டது என்று கேட்கிறது. படகில் வேலை செய்யும் தம்பிமாரின் பங்கு சரியாகப் பிரிகிறதா, விபத்து நடந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பதில்லை. அது பெரிய குறை. சங்கங்கள் அதை மீன்பிடி அமைச்சிடம் தனியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய உடன்படிக்கையும் 2025 செப்டெம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சட்டவிரோத மீன்பிடிக்கும் அருகிவரும் மீன் வளத்தைப் பிடிப்பதற்கும் மானியம் கொடுக்க அது தடை போடுகிறது. மானியம் பற்றிய பேச்சு வரும்போது இதையும் தெரிந்து வைத்திருங்கள்.

சுற்றாடல்: நம் நீதிமன்றமே வலுவான இடம்

எட்டுச் சுற்றாடல் சமவாயங்களில் நமக்குக் கைக்கெட்டியவை கழிவு பற்றிய பாசல் சமவாயமும் உயிர்ப்பல்வகைமைச் சமவாயமும். பிரித்தானியாவிலிருந்து வந்து கொழும்புத் துறைமுகத்தில் கிடந்த கழிவுக் கொள்கலன்கள் 2019 இல் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றைத் திருப்பி அனுப்ப வைத்தது எந்த வர்த்தக நடுவர் குழுவும் அல்ல. ஒரு சுற்றாடல் அமைப்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில் திரும்பிப் போனது.

ஊரில் செய்ய வேண்டியது: தொழிற்சாலைக்கோ அகழ்வுக்கோ சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையும் மாசு குறைந்த சிறியவற்றுக்குப் பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றமும் வழங்கும். நிபந்தனைகளின் பிரதியைத் தகவல் உரிமையில் கேளுங்கள். பெரிய திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வெளியானால் கருத்துச் சொல்ல 30 நாட்கள். அறிவித்தல் பத்திரிகையில் ஒரு மூலையில் வரும். பிரதேச செயலகத்தில் ஒருவரைக் கேட்டு வைத்திருங்கள். 30 நாளுக்குள் எழுத்தில் போட்ட ஆட்சேபணை பிறகு நீதிமன்றத்தில் உங்கள் முதல் ஆவணம். ஒலுவில் கரையோர அரிப்பைப் பார்த்த ஊர்களுக்கு, திட்டம் முடிந்த பிறகு கத்துவதன் பலன் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

இந்த வழி எட்டாத வேலைகள்

அம்பாறையின் நெல் ஆலை, வயல் கூலி, கடை, கட்டட வேலை எல்லாம் உள்நாட்டுச் சந்தைக்கானவை. வர்த்தக நிபந்தனை அங்கே நேரடியாக எதையும் அசைக்காது. இவர்கள் படி 3, 4, 5 ஐ மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், 2016 இன் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம், வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் ஆகியவை பொருள் எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை.

வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போன அக்காமாரின் விஷயமும் இதற்கு வெளியேதான். அது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கும் அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்துக்கும் போக வேண்டியது. போவதற்கு முன் ஒப்பந்தத்தின் பிரதி, கடவுச்சீட்டின் பிரதி, முகவர் நிலையத்தின் அனுமதி இலக்கம் மூன்றையும் வீட்டில் விட்டுப் போகச் சொல்லுங்கள். முறைப்பாடு கொடுக்கப் போகும் உறவினரிடம் முதலில் கேட்பது அந்த மூன்றையும்தான்.